கல் ஓரிடம், அடைப்பு ஓரிடம்: மிரிசி நோய்க்குறியைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

பித்தநாளம் அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தவுடன் மருத்துவரின் மனத்தில் இரண்டு காரணங்கள் முதலில் வரும். ஒன்று, பித்தப்பையிலிருந்து நழுவி நாளத்துக்குள் இறங்கிய கல். மற்றொன்று, கணையத்தின் தலைப்பகுதியிலோ நாளத்திலோ வளர்ந்த புற்று. பெரும்பாலான நோயாளிகளில் இவ்விரண்டில் ஒன்றுதான் விடையாகவும் அமைகிறது. இங்கே எழுதப்போவது இரண்டிலும் சேராத ஓர் அடைப்பைப் பற்றி. இதில் தொடக்கத்தில் கல் பித்தப்பையை விட்டு வெளியே வருவதில்லை. பித்தப்பையின் கழுத்தில் சிக்கியபடியே, ஒட்டி ஓடும் கல்லீரல் நாளத்தை வெளியிலிருந்து நெரிக்கிறது. நாளத்துக்குள் கல்லும் இல்லை, கட்டியும் இல்லை. ஆனாலும் கண் மஞ்சளாகிறது. இதற்கு மிரிசி நோய்க்குறி என்று பெயர்.

பித்தப்பை அறுவைக்கு வருபவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இது காணப்படுகிறது. அரிது என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது. முன்கூட்டியே சந்தேகிக்கப்பட்டால் இது ஒழுங்காகத் திட்டமிட்டுத் தீர்க்கக்கூடிய நோய். சந்தேகிக்கப்படாமல் அறுவை மேசைக்கு வந்துவிட்டாலோ, பித்தப்பை நாளம் என்று நினைத்து முதன்மை நாளத்தையே வெட்டிவிடும் விபத்துக்கு இதைப்போல வழிவகுக்கும் நிலை வேறொன்று அரிது. ஆகவே கீழே வருவதில் பாதிக்கு மேல் கண்டறிதலைப் பற்றியதாகவே இருக்கும். பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தம் வீட்டில் ஒருவருக்கு இந்தப் பெயர் சொல்லப்பட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று அறிய விரும்புபவர்களும் படித்துப் பின்தொடரலாம்.

நெரிப்பு எப்படி உண்டாகிறது

கல்லீரலின் வலப் பாதியிலிருந்தும் இடப் பாதியிலிருந்தும் வரும் நாளங்கள் கல்லீரலின் வாயிலில் கூடிப் பொதுக் கல்லீரல் நாளம் ஆகின்றன. பித்தப்பையிலிருந்து வரும் பித்தப்பை நாளம் பக்கவாட்டில் வந்து அதனுடன் சேர்கிறது. சேர்ந்த இடத்துக்குக் கீழே அதே குழாய்க்குப் பொதுப் பித்தநாளம் என்று பெயர். அது கணையத்தின் ஊடே சென்று முன்சிறுகுடலில் திறக்கிறது. பித்தப்பை தன் கழுத்தை நெருங்கும் இடத்தில் சிறிய பைபோலப் புடைத்திருக்கும். அதனை ஹார்ட்மன் பை என்பார்கள். கற்கள் வந்து தங்குவதற்கு மிக வசதியான மூலை அது.

அங்கே ஒரு பெரிய கல்லோ பல சிறு கற்களோ இறுகிவிட்டால், பக்கத்திலுள்ள கல்லீரல் நாளத்தின் மேல் இரண்டு வகையில் அழுத்தம் விழுகிறது. கல்லின் பருமனே தள்ளுவது ஒன்று; திரும்பத் திரும்ப வரும் அழற்சியால் சுற்றியுள்ள திசு வீங்கித் தழும்பாகிச் சுருங்குவது மற்றொன்று. பித்தப்பை நாளம் சேருமிடம் தாழ்வாக இருந்து, அது கல்லீரல் நாளத்தோடு ஒட்டி நீண்ட தூரம் இணையாக ஓடும் உடலமைப்பு உள்ளவர்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். அழுத்தம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடித்தால், கல் தான் அழுத்தும் சுவரையே அரித்துவிடுகிறது. அப்போது பித்தப்பைக்கும் கல்லீரல் நாளத்துக்கும் இடையே பிஸ்டுலா எனப்படும் புதிய துளை உண்டாகிறது. வெறும் நெரிப்பும் துளை விழுந்த நிலையும் ஒரே நோயின் முன்னும் பின்னுமான கட்டங்கள் என்று இன்று புரிந்துகொள்ளப்படுகிறது.

அர்ஜென்டினாவின் அறுவை மருத்துவர் பாப்லோ லூயிஸ் மிரிசி 1948-இல் இந்நிலையை விவரித்தார். கல்லீரல் நாளத்தில் ஒரு சுருக்குத் தசை இருப்பதாகவும், அருகிலுள்ள அழற்சியால் அது இறுகிவிடுவதாகவும் அவர் விளக்கம் கொடுத்தார். அப்படியொரு தசை அங்கே இல்லை. காரணம் தவறாகப் போனாலும் கண்ட காட்சி சரியாக இருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது. அறுவையின் நடுவே நாளத்துக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை 1931-இல் தொடங்கிவைத்தவரும் இவரே. இந்த நோயில் அறுவை மருத்துவரைக் காப்பாற்றும் கருவிகளில் அதுவும் ஒன்று என்பதால், இவர் பெயர் இதற்கு இரண்டு வகையில் பொருந்துகிறது.

நோயின் பெயருக்கு முன், அவசரமா என்று பாருங்கள்

காமாலை, வலப்பக்க மேல்வயிற்று வலி, குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகிவிட்டது என்று பொருள். இரத்த அழுத்தம் தாழ்ந்து, பேச்சில் குழப்பமும் தெரிந்தால் கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது. இந்நிலையில் அடைப்பு எதனால் என்று ஆராய்ந்துகொண்டிருப்பதற்கு நேரமில்லை. இரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துவிட்டு, நரம்பு வழியே நீரும் ஆன்டிபயாடிக்கும் தொடங்க வேண்டும். இரத்த அழுத்தம் இப்படிச் சரிந்த அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறிவிட வேண்டும். அதன் பிறகு பித்தத்தை வடிக்க வேண்டும். அதிர்ச்சி நிலை என்றால் 12 மணி நேரத்துக்குள்ளும், நடுத்தரக் கடுமை என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும் வடிப்பது என்பது ஐரோப்பிய எண்டோஸ்கோபி வழிகாட்டுதலின் கணக்கு. அடைபட்ட நாளத்தில் அழுத்தம் மிகுந்திருக்கும்போது மருந்து பித்தத்துக்குள் போதிய அளவு சென்று சேர்வதில்லை. ஆகவே மருந்தை மட்டும் நம்பி வடிகாலைத் தள்ளிப்போடுவது பலனளிக்காது.

வீட்டில் இருப்பவர்கள் இதில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றே: காமாலை உள்ளவருக்குக் குளிர்நடுக்கம் வந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

கதையும் இரத்தப் பரிசோதனையும்

அவசரம் இல்லை என்று தெளிந்த பிறகு, நிதானமாக உட்கார்ந்து நோயாளியின் கதையைக் கேட்க வேண்டும். மிரிசியில் அந்தக் கதை பெரும்பாலும் நீளமானது. உணவுக்குப் பின் வலப்பக்கம் பிடித்து, சில மணி நேரத்தில் தானே அடங்கிய வலிகள் பல ஆண்டுகளாக வந்திருக்கும். எப்போதோ எடுத்த ஸ்கேனில் கல் இருப்பதாகச் சொல்லியிருப்பார்கள். வலி போய்விட்டதால் அதை அப்படியே விட்டிருப்பார்கள். இப்போது சிறுநீர் கட்டங்காப்பி நிறத்திலும் மலம் வெளிறியும் போகிறது, உடம்பெங்கும் அரிக்கிறது, கண் மஞ்சளாகியிருக்கிறது. காமாலை ஏறி இறங்கி வந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். புற்றினால் வரும் அடைப்பில் வலியில்லாமல் நாளுக்கு நாள் மஞ்சள் கூடிக்கொண்டே போவது வழக்கம். கல்லினால் வருவது ஏற்ற இறக்கத்தோடு வருவது வழக்கம். இரண்டும் வழக்கம் மட்டுமே என்பதால், இதை வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது.

இரத்தத்தில் மஞ்சள் நிறமியான நேரடி பிலிருபினும், அல்கலைன் பாஸ்படேஸ், ஜிஜிடி என்ற நொதிகளும் உயர்ந்திருப்பது அடைப்பின் அடையாளம். திடீரென இறுகிய அடைப்பில், முதல் ஓரிரு நாட்களில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற கல்லீரல் நொதிகள் பல நூறு அலகு வரை எகிறலாம். அதைப் பார்த்து வைரஸ் காமாலை என்று எழுதிவிடுவது அடிக்கடி நிகழும் தவறு. இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தால், அடைப்பில் இந்த நொதிகள் சரசரவென்று இறங்க, அல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் உயர்ந்தே நிற்கும். ஒரே ஒரு அறிக்கையைவிட, இரண்டு அறிக்கைகளுக்கு இடையிலான போக்கையே நான் அதிகம் நம்புவேன்.

இரத்தம் உறையும் நேரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பித்தம் குடலுக்குச் செல்லாவிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின் கே உடலில் சேராது. அது இல்லாமல் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் உருவாக்க முடியாது. எண்டோஸ்கோபியோ அறுவையோ செய்வதற்கு முன் வைட்டமின் கே ஊசி போட்டு இந்த நேரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஊசி போட்டும் சரியாகவில்லை என்றால், பழுது நாளத்தில் மட்டுமல்ல, கல்லீரலிலும் இருக்கிறது.

சிஏ 19-9 என்ற குறியீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதன் மேல்வரம்பு 37 அலகு. புற்றுநோய்க் குறியீடு என்ற பெயரில் இது கேட்கப்படுவதால், எண் உயர்ந்து வந்ததும் குடும்பமே நொறுங்கிப்போகிறது. ஆனால் எந்தக் காரணத்தால் பித்தம் தேங்கினாலும் இது உயரும். மிரிசியில் ஆயிரத்தைத் தாண்டிய எண்கள்கூட வந்துள்ளன. அடைப்பு இருக்கும்போது எடுத்த எண்ணுக்குத் தனி மதிப்பு கொடுக்காமல், பித்தம் வடிந்து பிலிருபின் இறங்கிய பிறகு மீண்டும் எடுத்துப் பாருங்கள். கூடவே இறங்கினால் ஆறுதல். இறங்காமல் நின்றால் தேடலைக் கூர்மையாக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் என்ன தேட வேண்டும்

முதல் படம் எப்போதும் அல்ட்ராசவுண்ட்தான். வலது விலா எலும்புகளுக்குக் கீழே கருவியைச் சாய்த்து வைத்தால், குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை ஒரு பெரிய கருவட்டமாகவும், அதன் மேல் இரு காதுகளைப்போல ஒருபுறம் பித்தநாளமும் மறுபுறம் கல்லீரல் தமனியும் தெரியும். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரைத் தட்டினால் தமனியிலும் சிரையிலும் நிறம் ஓடும். நிறமே இல்லாமல் கருப்பாக நிற்பதுதான் பித்தநாளம். அதன் விட்டம் பொதுவாக 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முதியவர்களிலும், முன்பே பித்தப்பை அகற்றப்பட்டவர்களிலும் சற்று அகலமாக இருப்பது இயல்பு.

இப்போது அந்த நாளத்தை மேலிருந்து கீழாகப் பின்தொடருங்கள். கல்லீரலுக்குள் இருக்கும் கிளைகள் விரிந்திருக்கின்றன. கல்லீரல் நாளம் விரிந்திருக்கிறது. பித்தப்பையின் கழுத்துக்கு நேரே வந்ததும் சட்டென்று குறுகுகிறது. அதற்குக் கீழே நாளம் சாதாரண அளவில் ஓடுகிறது. இந்த அளவு மாற்றம் நிகழும் இடத்திலேயே, பித்தப்பையின் கழுத்தில், நிழல் விழுத்தும் ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது. நோயாளியை இடப்பக்கம் புரளச் சொல்லுங்கள். சாதாரணக் கல்லாக இருந்தால் உருண்டு பையின் அடிக்குப் போகும். இது அசையாது. பித்தப்பையே சுருங்கித் தடித்துப்போயிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இந்தப் படத்தைக் கண்டவர் அறிக்கையில் ‘பித்தப்பைக் கற்கள், நாளம் விரிந்துள்ளது’ என்று இரண்டு தனித்தனி வரிகளாக எழுதிவிட்டால் சந்தேகம் அங்கேயே தொலைந்துவிடும். நாளம் எந்த இடத்தில் குறுகுகிறது, கல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும். கேட்டு அனுப்பும் மருத்துவரும் ‘வயிற்று ஸ்கேன்’ என்று மட்டும் எழுதாமல், ‘அடைப்புக் காமாலை, அடைப்பின் மட்டம் எது’ என்று கேள்வியாகவே எழுதுவது நல்லது.

குடல் காற்று மறைப்பதால் நாளத்தின் கீழ்ப்பகுதி அல்ட்ராசவுண்டில் பல நேரங்களில் தெரியாது. பித்தப்பை முழுதும் கல்லால் நிறைந்து சுருங்கியிருந்தால், ஒரு வெள்ளைக் கோடும் அதன் கீழ் கரிய நிழலும் மட்டுமே தெரியும். அதைக் குடல் என்று தாண்டிவிடுவதும் உண்டு. எனவே அல்ட்ராசவுண்ட் தெளிவாக இல்லை என்பதை மிரிசி இல்லை என்பதாகக் கொள்ள முடியாது.

எம்ஆர்சிபி, சிடி, ஈஆர்சிபி: எதை எதற்காக

அடுத்த படியாக எம்ஆர்சிபி. சாயமோ குழாயோ இல்லாமல், அசையாத நீர்மத்தை வெள்ளையாகக் காட்டும் எம்ஆர்ஐ முறை இது. பித்த மரம் முழுவதும் வெள்ளைக் கிளைகளாகத் தெரிய, கல் அதனுள் கரும்புள்ளியாக நிற்கும். மிரிசியில் கல்லீரல் நாளத்தின் வலப்பக்கம், விரலால் அழுத்தியதுபோல வழவழப்பாகக் குழிந்திருக்கும்; குழிவுக்கு நேர் பக்கத்தில் கல்லின் கருமை. இந்த வழவழப்பு முக்கியம். புற்றினால் வரும் குறுக்கம் பெரும்பாலும் முரடாகவும் ஒழுங்கற்றும் தொடங்கும். ஆனால் துளை விழுந்திருக்கிறதா என்பதை எம்ஆர்சிபி பல நேரங்களில் காட்டத் தவறிவிடுகிறது.

சிடி ஸ்கேனைக் கல்லைத் தேடுவதற்காக அல்லாமல், புற்றைத் தேடுவதற்காக எடுக்க வேண்டும். பல பித்தப்பைக் கற்கள் சிடியில் தெரிவதே இல்லை. பித்தப்பைச் சுவர் ஓரிடத்தில் மட்டும் தடித்திருக்கிறதா, கல்லீரலுக்குள் ஏதேனும் ஊடுருவியிருக்கிறதா, நிணமுடிச்சுகள் பெருத்திருக்கின்றனவா என்பவற்றுக்குத்தான் சிடி. நீண்டகாலக் கல்லும் நீண்டகால அழற்சியும் சேர்ந்திருப்பதால், மிரிசி உள்ளவர்களில் பித்தப்பைப் புற்று கூடவே இருக்கும் விகிதம் சாதாரணக் கல் நோயாளிகளைவிட அதிகம். அதனால் ‘மிரிசியா, புற்றா’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிட முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும் என்ற எண்ணம் கடைசி வரை கூடவே வர வேண்டும்.

ஈஆர்சிபி என்பது வாய் வழியே எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல் வரை செலுத்தி, நாளத்தின் வாயில் மெல்லிய குழாயை நுழைத்து, சாயம் ஏற்றி எக்ஸ்ரேயில் பார்ப்பது. துளையைக் கண்டுபிடிப்பதில் இதுவே வலிமையானது: சாயம் பித்தப்பை நாளத்தின் வழியாக அல்லாமல், கல்லீரல் நாளத்தின் சுவரிலிருந்தே நேராகப் பித்தப்பைக்குள் வழிந்து செல்வது கண்ணுக்குத் தெரியும். அதே அமர்வில் ஸ்டென்ட் எனப்படும் சிறு பிளாஸ்டிக் குழாயை நெரிபட்ட இடத்தைத் தாண்டி வைத்துவிட்டால் பித்தம் வடிந்து காமாலை இறங்கத் தொடங்கும். இதற்கு விலையும் உண்டு. கணைய அழற்சி இதன் முதன்மைச் சிக்கல். செய்துகொள்பவர்களில் நூற்றில் சிலருக்கு இது வரும். தடை ஏதும் இல்லாதவர்களுக்கு மலக்குடல் வழியே இன்டோமெதசின் 100 மில்லிகிராம் வைப்பது அதைக் குறைக்கிறது. இரத்தக்கசிவும் குடலில் ஓட்டையும் அரிதாக நேரலாம். ஆகவே பார்ப்பதற்காக மட்டும் ஈஆர்சிபி செய்யும் காலம் போய்விட்டது. வடிப்பதற்கோ கல்லை நீக்குவதற்கோ தேவை இருக்கும்போது செய்து, பார்ப்பதையும் அதோடு முடித்துக்கொள்ள வேண்டும். ஈஆர்சிபி முடியாதவர்களுக்குத் தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்தி வடிகால் வைக்கலாம்.

படங்களைப் பார்க்கையில் இதே இடத்தை அடைக்கும் மற்ற அரிய காரணங்களையும் மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நீளமான, இழைபோன்ற, அசையும் நிழல் நாளத்துக்குள் தெரிந்தால் அது உருண்டைப்புழுவாக இருக்கலாம்; கணையமும் வீங்கி, நாளச் சுவர் சீராகத் தடித்து, இரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் உயர்ந்திருந்தால் அது ஸ்டீராய்டுக்கு அடங்கும் அழற்சியாக இருக்கலாம், அதற்கு அறுவை தேவைப்படாது; முன்பு பித்தப்பை அறுவை நடந்திருந்தால் அப்போது வைத்த உலோகக் கிளிப் நாளத்துக்குள் புகுந்து கல்லுக்குக் கருவாக ஆகியிருக்கலாம்; போர்ட்டல் சிரை அடைபட்டிருந்தால் அதைச் சுற்றிப் புடைத்த சிரைக்கொத்தே நாளத்தை நெரிக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தைத் தவறவிட்டு அறுவையில் இறங்குவது இரத்த வெள்ளத்தில் முடியும். மேசையில் கிடத்துவதற்கு முன்பே டாப்ளரில் போர்ட்டல் சிரையில் ஓட்டம் இருப்பதை உறுதி செய்வதற்கு ஒரு நிமிடம் போதும்.

எந்த வகை, என்ன சிகிச்சை

வகைப்படுத்தலைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, சுவரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற ஒரே கேள்வியாக நினைவில் வைப்பது எளிது. 1989-இல் சென்டெஸும் உடன் பணியாற்றியோரும் அமைத்த முறைப்படி, துளையே இல்லாமல் வெளி நெரிப்பு மட்டும் இருந்தால் முதல் வகை. துளை நாளத்தின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் இரண்டாம் வகை. மூன்றில் இரண்டு பங்கு வரை போயிருந்தால் மூன்றாம் வகை. சுவர் முழுதும் அழிந்திருந்தால் நான்காம் வகை. பித்தப்பை குடலோடும் ஒட்டித் துளைபட்டிருக்கும் நிலை பின்னர் ஐந்தாம் வகையாகச் சேர்க்கப்பட்டது.

முதல் வகைக்குப் பித்தப்பையை அகற்றினால் நெரிப்பு தானே விலகும். ஆனால் அந்த ‘அகற்றினால்’ என்ற சொல்லில்தான் ஆபத்து முழுதும் அடங்கியிருக்கிறது. பித்தப்பை நாளம், கல்லீரல் நாளம், கல்லீரலின் அடிப்பரப்பு ஆகியவற்றுக்கு இடைப்பட்ட முக்கோணம் இந்த நோயாளிகளில் தழும்பால் இறுகி ஒரே கட்டியாகக் கிடக்கும். சாதாரண அறுவையில் இந்த முக்கோணத்திலுள்ள கொழுப்பும் நாரும் முற்றிலும் விலக்கப்பட்டு, பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பகுதி கல்லீரலிலிருந்து பிரிக்கப்பட்டு, இரண்டே இரண்டு குழாய்கள் மட்டும் பித்தப்பைக்குள் செல்வது கண்ணால் தெரிந்த பிறகே எதையும் வெட்ட வேண்டும் என்பது விதி. மிரிசியில் இந்தக் காட்சி பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்கும் வரை தோண்டிக்கொண்டே போவதுதான் நாளம் வெட்டுப்படுவதற்கான வழி.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில், லேப்ராஸ்கோபி திரையில் சுத்தமாகப் பிரித்தெடுத்த குழாய் ஒன்றைக் காட்டி, பெருமையோடு கிளிப் கேட்டேன். எதிர்ப்பக்கம் நின்றிருந்த மூத்த மருத்துவர் கருவியை வாங்கிக்கொண்டு, “பித்தப்பை நாளம் இவ்வளவு தடிமனா இருந்து நீ எப்பவாவது பார்த்திருக்கியா?” என்று மட்டும் கேட்டார். பித்தப்பையின் அடிப்பக்கமாக ஊசி குத்திச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தோம். சாயம் கல்லைச் சுற்றி நூலாக இறங்கி, நான் கிளிப் கேட்ட அந்தக் குழாயில் மேலும் கீழும் பரவி, கல்லீரலின் இரு பாதிகளுக்கும் கிளைவிட்டது. அது கல்லீரல் நாளம். பித்தப்பை நாளம் என்று தனியாக ஒன்று அங்கே மிச்சமே இல்லை. அது சுருங்கித் தழும்புக்குள் கரைந்துவிட்டிருந்தது. அறுவைக்கு முன்பு எடுத்த அல்ட்ராசவுண்ட் அறிக்கையை அன்று மாலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ‘கழுத்தில் அசையாத கல், கல்லீரல் நாளம் 11 மில்லிமீட்டர்’ என்ற இரண்டு செய்திகளும் அதில் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படிக்காதது நான்தான்.

ஆகவே முக்கோணம் திறக்கவில்லை என்றால், அதை விட்டுவிட்டுப் பித்தப்பையை, கழுத்துக்கு எதிர்ப்புறமுள்ள அதன் அடிமுனையில் திறக்க வேண்டும். உள்ளே உள்ள கற்களை, கழுத்தில் இறுகிய கல் உட்பட, எடுத்துவிட வேண்டும். நாளத்தோடு ஒட்டிய சுவர்ப்பகுதியை அப்படியே விட்டுவிட்டு மீதியை மட்டும் வெட்டியெடுக்க வேண்டும். இதற்குப் பகுதிப் பித்தப்பை நீக்கம் என்று பெயர். கல்லை எடுத்தவுடன் உள்ளிருந்து தெளிந்த மஞ்சள் பித்தம் ஊறி வந்தால், அது துளைக்கான அடையாளம். நெடுநாள் அடைபட்ட பித்தப்பையில் அப்படிப்பட்ட புதுப் பித்தம் இருக்க வேண்டிய காரணமே இல்லை. ஈஆர்சிபி-யில் வைத்த ஸ்டென்ட் இருந்தால், விரலாலோ கருவியாலோ அதைத் தொட்டு உணர்ந்து நாளம் எது என்று தெரிந்துகொள்ளலாம். இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை முன்பே நரம்பில் செலுத்தி, அகச்சிவப்பு ஒளியில் நாளங்கள் ஒளிர்வதைப் பார்க்கும் வசதியும் உதவும்; ஆனால் தடித்த தழும்புக்கு அடியில் அந்த ஒளி மங்கிவிடும். லேப்ராஸ்கோபியில் தொடங்கியதைத் திறந்த அறுவையாக மாற்ற நேர்ந்தால் அதைத் தோல்வியாகக் கருதுபவர்கள் இந்த நோயைச் சரியாக அறியாதவர்கள். அப்படி நேரலாம் என்று முந்தின நாளே நோயாளியிடம் சொல்லி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்.

இரண்டாம் வகையில், துளையை ஊசிநூலால் இழுத்துத் தைத்தால் நாளம் குறுகிவிடும். அதனால் துளையைச் சுற்றிப் பித்தப்பைச் சுவரில் 5 முதல் 10 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு விளிம்பை வேண்டுமென்றே விட்டுவைத்து, அந்த விளிம்பையே மடித்துத் தைத்து மூடுகிறார்கள். நாளத்துக்குள் டி வடிவக் குழாய் வைப்பதானால், அது துளை வழியே அல்லாமல், அதற்குக் கீழே நல்ல சுவரில் இட்ட தனி வெட்டின் வழியே வெளிவர வேண்டும்.

மூன்றாம் வகையில் சிலருக்கு இதே விளிம்பு போதும். போதாதவர்களுக்கும் நான்காம் வகையினருக்கும், கல்லீரல் நாளத்தைச் சிறுகுடலின் ஒரு வளையத்தோடு நேரடியாக இணைக்க வேண்டும். ரூ என் ஒய் என்று அழைக்கப்படும் இந்த இணைப்பு, நாள அறுவையில் பழகிய கைகள் செய்ய வேண்டியது. அப்படிப்பட்டவர் அங்கே இல்லை என்றால், கல்லை எடுத்து, வடிகால் வைத்து, வயிற்றை மூடி, உரிய மையத்துக்கு அனுப்புவதே முறையான சிகிச்சை. முதல் முயற்சியில் சிதைந்த நாளத்தை இரண்டாம் முறை சரிசெய்வது பன்மடங்கு கடினம்.

ஐந்தாம் வகையில் குடலோடு உண்டான துளையைப் பிரித்துக் குடலை மூட வேண்டும். பெரிய கல் அந்த வழியே குடலுக்குள் இறங்கிக் குடலையே அடைத்திருந்தால், முதலில் குடலடைப்பை மட்டும் நீக்கி, உடல் தேறிய பிறகு பித்தப்பைக்கு வருவது பாதுகாப்பானது.

எந்த வகையானாலும், சுவர் சந்தேகத்துக்கிடமாகத் தடித்திருந்தால் அறுவையின் நடுவிலேயே ஒரு துண்டை, உறையவைத்து உடனே நுண்ணோக்கியில் பார்க்கும் உறைநிலைச் சோதனைக்கு அனுப்பி விடை வரும் வரை காத்திருக்க வேண்டும். புற்று என்று வந்தால் திட்டமே மாறிவிடும்.

முதுமையாலோ இதய, நுரையீரல் நோய்களாலோ அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு எண்டோஸ்கோபியே முழுச் சிகிச்சையாக அமையலாம். நாளத்துக்குள் செல்லும் மெல்லிய கேமராவின் பார்வையில், லேசராலோ மின்நீர் அதிர்வாலோ கல்லைத் துண்டுதுண்டாக உடைத்து வெளியேற்றுகிறார்கள். கல் நாளத்துக்குள் துருத்திக்கொண்டிருந்தால் இது நன்றாக நடக்கும். வெறும் வெளி நெரிப்பாக இருந்து கல்லைக் கேமரா எட்ட முடியாவிட்டால் ஸ்டென்டை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும் என்பதால், ஏறத்தாழ 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தத் தேதியை நோயாளியின் கையில் எழுதிக் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மறக்கப்பட்ட ஸ்டென்டால் காய்ச்சலோடு திரும்பி வருபவர்கள் குறைவில்லை.

அறுவைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

வயிற்றுக்கு வெளியே வரும் வடிகாலில் முதல் சில நாட்கள் சிறிது பித்தம் கசிந்தால் பதற வேண்டியதில்லை. அளவு நாளுக்கு நாள் குறைகிறதா என்பதே கேள்வி. குறையாவிட்டாலும், வயிறு உப்பிக் காய்ச்சல் வந்தாலும் ஸ்கேன் எடுத்துத் தேங்கிய பித்தத்தைத் தேட வேண்டும். டி குழாய் இருந்தால், அதன் வழியே சாயம் ஏற்றி, சாயம் தடையின்றிக் குடலுக்குள் இறங்குவதையும் எங்கும் கசியாததையும் பார்த்த பிறகே அதை எடுக்க வேண்டும்.

சிறுநீர் தெளிந்து, மலத்தின் நிறம் திரும்பி, அரிப்பு நின்ற பிறகும் கண்ணின் மஞ்சள் மட்டும் வாரக்கணக்கில் நீடிப்பதைக் கண்டு குடும்பத்தார் கலங்குவார்கள். பிலிருபினின் ஒரு பகுதி இரத்தத்திலுள்ள ஆல்புமினோடு இறுகப் பிணைந்துவிடுகிறது. ஆல்புமினின் அரை ஆயுள் ஏறத்தாழ 3 வாரம் என்பதால், அந்தப் பகுதி அதே வேகத்தில்தான் கரையும். அது சிறுநீரில் வெளியேறுவதும் இல்லை. சிறுநீர் தெளிவாக இருந்து, அல்கலைன் பாஸ்படேஸ் இறங்கிக்கொண்டிருந்தால் கண்ணின் மஞ்சளுக்காக மறுபடி ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.

தைத்த நாளமோ குடல் இணைப்போ பின்னாளில் சுருங்கக்கூடும். அது காமாலையாக வெளிப்படுவதற்கு வெகு முன்பே அல்கலைன் பாஸ்படேஸும் ஜிஜிடியும் மெல்ல ஏறத் தொடங்கும். எனவே முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறையும் இவற்றைப் பார்த்துவர வேண்டும். பகுதி நீக்கம் செய்யப்பட்டவர்களுக்கு, விட்டுவைத்த மிச்சத்தில் மீண்டும் கல் உருவாகலாம். ‘பித்தப்பைதான் எடுத்தாகிவிட்டதே’ என்று அவர்களும் அவர்களைப் பிற்காலத்தில் பார்க்கும் மருத்துவர்களும் நினைத்துவிடுவதால், வீட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தில் ‘பகுதி நீக்கம், கழுத்துப் பகுதி விட்டுவைக்கப்பட்டுள்ளது’ என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். அதே தாளில், வெட்டியெடுத்த பித்தப்பையின் திசுப் பரிசோதனை முடிவு எந்த நாளில் வரும், அதை யார் வாங்கிப் பார்ப்பது என்பதையும் குறித்துவிடுங்கள். படங்களில் தெரியாமல் இருந்த புற்று அந்த அறிக்கையில்தான் முதன்முறையாக வெளிப்படும். அது பித்தப்பைச் சுவரின் உட்பக்க அடுக்கைத் தாண்டியிருந்தால், மேலும் விரிவான அறுவை வேண்டுமா என்பதைச் சில வாரங்களுக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.